அழைத்தால் எத்தனை மணி நேரத்தில்

ஊசி இரண்டும் ஏறியாகிவிட்டது. இடது கை இனி நான்கு மணி நேரத்துக்கு இந்தப் பொள்ளாச்சி ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் மிஷினுக்குச் சொந்தம். வலது கை எனக்கு. அதில் ஒரு பேனா, மடியில் ஒரு அட்டை, அட்டையில் செருகிய படிவம். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சிறுநீரகத்துக்காகக் காத்திருப்பவர்களின் பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் ஷர்மிளா அனுப்பியது. வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டுமாம், நான் உயிரோடு இருக்கிறேனா, இன்னும் வேண்டுமா என்று தெரிந்துகொள்ள. பெயர் மரியபுஷ்பம், வயது நாற்பத்து மூன்று, ரத்தம் பி பாசிடிவ், எல்லாம் எழுதிவிட்டேன். ஒரு கட்டம்தான் பாக்கி. 'அழைத்தால் எத்தனை மணி நேரத்தில் மருத்துவமனைக்கு வந்து சேர முடியும்?' அதற்குக் கீழே பொடி எழுத்தில், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகுமானால் இரண்டாவது ஆளாக அழைக்கப்படலாம் என்று இருக்கிறது. பதினொன்றரைக்கு ஷர்மிளா போன் செய்வாள். அதற்குள் முடிவு செய்ய வேண்டும். எனக்குத் தெரிந்த கேள்விதான், பதிலும் தெரியும். எங்கள் எஸ்டேட்டிலிருந்து வால்பாறைக்கு முக்கால் மணி, அங்கே பஸ்ஸுக்கு நிற்பது எவ்வளவோ, நாற்பது கொண்டை ஊசி வளைவு இறங்கிப் பொள்ளாச்சி வர இரண்டரை மணி, பொள்ளாச்சியிலிருந்து கோயமுத்தூர் ஒன்றேகால். யானை நின்றால் அது தனி. ஐந்து என்று எழுத ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடிதான் எட்டு மணியிலிருந்து வர மாட்டேன் என்கிறது.

பக்கத்து நாற்காலியில் மயில்சாமி அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிறார். தூங்கவில்லை, மூடியிருக்கிறார், அவ்வளவுதான். உடுமலைக்கு அந்தப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர், என்னைவிட ஒரு வருஷம் சீனியர். போன வருஷம் என் படிவத்தை நிரப்பியவர் அவர்தான். எனக்கு அன்றைக்கு வாந்தி, தலை நிமிர்த்த முடியவில்லை. இந்தக் கட்டத்தில் அவர் ஒன்றரை என்று போட்டுவிட்டார், நான் பார்க்கவே இல்லை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். இருபது வருஷமாக முகவரியோடு பிழைக்கிறவள், தன் தூரத்தை அடுத்தவர் எழுத விட்டிருக்கிறேன். கரடிப்பள்ளம் எஸ்டேட் கிளை அஞ்சலகத்துக்கு நான்தான் போஸ்ட் மாஸ்டர், நான்தான் கிளார்க், பெருக்குவதும் நான்தான். ஊரில் போஸ்டம்மா என்றால்தான் தெரியும். தபாலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. கன்னியாகுமரிக்காரன் எழுதினாலும் காஷ்மீர்க்காரன் எழுதினாலும் கடிதத்துக்கு ஒரே விலைத் தபால் தலைதான் ஒட்ட வேண்டும். மலை மேல் இருக்கிறாய், கூடுதலாக ஒட்டு என்று யாரும் சொல்வதில்லை. சின்ன வயதில் இதை முதலில் கேட்டபோது நம்பவில்லை. யாரோ ஏமாறுகிறார்கள் என்றுதான் தோன்றியது. கீழ்நாட்டுக்காரர்கள் ஏன் நமக்காகச் சேர்த்து ஒட்ட வேண்டும், அவர்களுக்கு இது தெரியுமா, தெரிந்தால் சண்டைக்கு வர மாட்டார்களா. இப்போதும் சில சமயம் அப்படித்தான் யோசிக்கிறேன். வாய் உலர்கிறது. அரை டம்ளர் தண்ணீர் கேட்டால் மிஷினைப் பார்த்துக்கொள்ளும் பிரசன்னா கொடுப்பான், ஆனால் டாக்டர் சொன்ன இன்றைய அளவில் அரை டம்ளர் போய்விடும். மாலை பஸ்ஸில் குடிப்பதற்கு வைத்துக்கொள்ளலாம்.

அந்த ஆள் இப்போது எவ்வளவு தண்ணீர் குடிப்பார். அவரைப் பற்றி யோசிக்கக் கூடாது என்று நினைக்கும் நாட்களில்தான் அதிகம் யோசிக்கிறேன். ஐந்து மாசம் ஆகிறது. எனக்கு வர வேண்டிய சிறுநீரகம் அவருக்குப் போனது. வர வேண்டிய என்று சொல்லலாமா, தெரியவில்லை. பட்டியலில் நான் முதல், அவர் இரண்டாவது, இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். அப்படித்தான் கூப்பிடுவார்களாம், ஒருவருக்குப் பொருந்தாவிட்டால் இன்னொருவருக்கு. நான் போய்ச் சேர்ந்தபோது அவரை ஸ்ட்ரெச்சரில் லிஃப்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒல்லியான ஆள், ஐம்பது இருக்கலாம். என்னைப் பார்த்தார். என் கையில் பை, வீங்கின முகம், பார்த்ததும் யாரென்று புரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் கண்ணை உடனே கூரைக்குத் திருப்பிக்கொண்டார். லிஃப்ட் மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு ஐந்து மாசமாக அவருக்கு நான் ஒரு வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து ஐந்து நிமிஷத்தில், மாடி வைத்தது, வாசலில் வேப்பமரம், காலிங் பெல் அடித்தால் பறவை கத்தும். போன் வந்ததும் சாவகாசமாகக் குளித்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு, மகன் காரில் கொண்டு விட்டிருப்பான். எங்கள் ரோட்டில் பஸ் பதினெட்டாவது வளைவில் ரிவர்ஸ் எடுக்கும்போது அவர் காபி குடித்துக்கொண்டிருப்பார். காபி கிடையாது, ஆபரேஷனுக்கு முன் குடிக்கக் கூடாது, எனக்கே தெரியும். இருந்தாலும் காபியைக் கொடுத்துவிடுவேன், அப்போதுதான் கோபம் சரியாக வரும். அவர் மேல் கோபமா என்றால் அதுவும் கிடையாது. அந்த வீடு அங்கே இருக்கிறதே என்றுதான்.

அந்தச் சிறுநீரகத்துக்குச் சொந்தக்காரன் இருபத்தாறு வயதுப் பையன் என்று யாரோ காரிடாரில் பேசியது காதில் விழுந்தது. பாலக்காடு ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்தானாம். எங்கே விழுந்தான் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது, அதைத்தான் நான் யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். பையனின் அம்மாவுக்கு இதைப் போலக் கொடுமையான யோசனை வேறு இருக்காது, இருந்தாலும் வருகிறது, என்ன செய்ய. இன்னும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போய் விழுந்திருந்தால் கேரளா, அது வேறு பட்டியல், நாங்கள் இரண்டு பேருமே கிடையாது. வடக்கே எங்காவது விழுந்திருந்தால் வேறு மண்டலம், முதலில் அங்கே இருப்பவர்களுக்கு. யாரோ ஒருவர் மேஜையில் வரைபடத்தை விரித்து இது வரைக்கும் இவர்கள், அதற்கு மேல் அவர்கள் என்று கோடு போட்டிருக்கிறார். குற்றமாகச் சொல்லவில்லை, கோடு இல்லாமல் எதைத்தான் பிரிக்க முடியும், நானே காலையில் கடிதங்களை டிவிஷன் வாரியாகத்தான் பிரிக்கிறேன். அந்தக் கோடு போட்டவருக்கு மலை தெரிந்திருக்குமா என்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது. வரைபடத்தில் கரடிப்பள்ளத்துக்கும் கோயமுத்தூருக்கும் நடுவே கட்டை விரல் அகலம்தான் இருக்கும். வரைபடம் தட்டையாகத்தானே கிடக்கும், பாவம். "அக்கா, கையை மடக்காதீங்க, பிரஷர் ஏறுது" என்கிறான் பிரசன்னா. மடக்கியது எனக்குத் தெரியவே இல்லை. காலில் பிடிப்பு வரப் பார்க்கிறது, கட்டை விரலை மேலே இழுத்து வைத்துக்கொள்கிறேன். மணி பத்தேகால்.

கீழே வந்துவிடலாமே என்று எல்லோரும் சொல்கிறார்கள். டாக்டர் சொன்னார், என் தங்கை சொன்னாள், போன வாரம் பஸ் கண்டக்டர்கூடச் சொன்னார். வரலாம். கிளை அஞ்சலகம் நடத்துகிறவள் அந்த ஊரிலேயே குடியிருக்க வேண்டும் என்பது என் இலாகாவின் விதி, அதுவும் நியாயமான விதிதான், போஸ்ட் மாஸ்டர் பொள்ளாச்சியில் உட்கார்ந்துகொண்டால் எஸ்டேட்டுக்கு யார் தபால் பிரிப்பது. பீட்டருக்கு, என் வீட்டுக்காரருக்கு, டீ ஃபேக்டரியில் வேலை. வேலை இருக்கும் வரைதான் குவார்ட்டர்ஸ். நாங்கள் இறங்கினால் இரண்டு பேருக்கும் வேலையும் இருக்காது, வீடும் இருக்காது. வரும், வராது என்று தெரியாத ஒரு போனுக்காக எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து உட்கார வேண்டும். பீட்டர் தன்னுடையதில் ஒன்றைத் தருகிறேன் என்றுதான் ஆரம்பித்தார், சர்க்கரை இருக்கிறது, ஆகாது என்றுவிட்டார்கள். தங்கைக்கு ரத்தம் சேரவில்லை. அதனால் பட்டியல். அதனால் இந்தக் கட்டம்.

"ஏனுங் அம்மிணி, இன்னுமா எழுதுல?" மயில்சாமி அண்ணன் ஒரு கண்ணைத் திறந்திருக்கிறார். "என்ர பையன் ஊட்டு அட்ரெசுதான் தெரியுமில்லீங், அதையே போட்டுட்டுப் போங். அங்கிருந்து ஆசுபத்திரிக்கு நடந்தே போயர்லாம். நானும் அதத்தான் போட்டிருக்கறன்." நீங்க அங்க இருக்கறதில்லையே அண்ணா என்கிறேன். "எங்கீங் இருக்கறது, மருமவ ஒரு நாளைக்கு மேல சிரிக்க மாட்டா. அவுங்களுக்கென்ன தெரியப் போவுது." சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார். அவர் சொல்வது தப்பென்று எனக்குத் தோன்றவில்லை, அதுதான் வேடிக்கை. இந்த அறையில் பதினொரு நாற்காலி. உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் கோயமுத்தூரில் ஒரு அண்ணன், ஒரு பையன், ஒரு சித்தப்பா வீடு இருக்கிறது, படிவத்தில். எனக்கும் ஒன்றரை என்று எழுதக் கை வருகிறது. பேனாவை வைத்துவிட்டேன், ஒரு புள்ளிகூட விழுந்துவிட்டது. பிறகு நினைத்துப் பார்க்கிறேன், நான் ஒன்றரை என்று சொல்லி, அவர்கள் நம்பி, சிறுநீரகம் ஐஸ் பெட்டிக்குள் எனக்காகக் காத்திருக்க, நான் ஆழியாறு செக்போஸ்டில் நிற்கிறேன். அந்த மூன்றரை மணி நேரத்தை யார் கணக்கில் எழுதுவது. என்னிடம் மாசம் நாலைந்து கடிதம் தப்பான முகவரியோடு வரும். திருப்பி அனுப்புவேன், ஒன்றும் குடிமுழுகாது. இதை யாருக்குத் திருப்பி அனுப்புவார்கள்.

அப்படியே கிடக்கட்டும். பதினொரு மணி பஸ்ஸை நினைக்காமல் இருந்தால் போதும். நினைத்தாகிவிட்டது. எல்லோரிடமும் பஸ் கிடைக்கவில்லை என்றுதான் சொல்லியிருக்கிறேன். பீட்டரிடமும் அதுதான். சிறுநீரகம் இருக்கிறது என்று அன்றைக்குப் போன் வந்தது பத்தரைக்கு. உடனே கிளம்புங்க என்றாள் ஷர்மிளா. வந்துடறேன் என்றேன். சந்தோஷத்தில் தேதி முத்திரையைக் கையிலேயே குத்திக்கொண்டேன், மை ஒரு வாரம் போகவில்லை. பிறகு உட்கார்ந்து வேலை பார்த்தேன். ஆமாம், வேலை பார்த்தேன். கடிதங்களுக்கு முத்திரை போட்டேன், தபால் பட்டியல் எழுதினேன், தபால் பையைக் கட்டினேன், அரக்கு வைத்தேன். நடுவே பதினொரு மணி பஸ் அஞ்சலகத்தைத் தாண்டிப் போன சத்தம் கேட்டது. தலையைத் தூக்கிப் பார்க்கக்கூட இல்லை. பீட்டரின் தங்கை தேயிலைக் காட்டில் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தாள், நான் டயாலிசிஸ் போகும் நாட்களில் எனக்குப் பதில் உட்காருகிறவள், ஒரு குரல் கொடுத்திருந்தால் வந்திருப்பாள். கொடுக்கவில்லை. பன்னிரண்டு ஐம்பது பஸ்ஸில்தான் பை போகும், நானும் அதிலேயே போனேன், பையோடு பையாக. ஏன் அப்படிச் செய்தாய் என்று என்னை நானே ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். பதில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. முதல் பெயர் என்னுடையது என்று சொன்னார்களா, ரிஜிஸ்தர் தபால் என்று நினைத்துக்கொண்டேன். ரிஜிஸ்தர் தபால் வந்தால் அந்தப் பெயர்க்காரரிடம் கையெழுத்து வாங்காமல் கொடுக்க மாட்டோம். ஆள் இல்லையா, வைத்திருப்போம், மறுபடி கொண்டு போவோம், ஏழு நாள் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் சீக்கிரம் வந்துவிட்டார் என்று அவரிடம் தூக்கிக் கொடுத்துவிடுவோமா. இருபது வருஷம் நான் கொடுத்ததில்லை. எல்லா இடத்திலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். உலகத்தில் வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறு. அவர் பதினொன்றுக்கே வந்து, ரத்தப் பரிசோதனை முடிந்து, நாலு மணிக்கெல்லாம் பொருந்துகிறது என்று தெரிந்துவிட்டதாம். பதினொரு மணி பஸ்ஸைப் பிடித்திருந்தால் நானும் நாலுக்குப் போயிருப்பேன். போயிருந்தால் காத்திருப்பார்களா. என் பரிசோதனைக்கு இன்னொரு ஐந்து மணி நேரம் ஆகியிருக்குமே. அப்போதும் அவருக்குத்தானே. இந்த இடத்தில் வந்து யோசனை நின்றுவிடுகிறது. தப்பு என்னுடையதா, தூரத்தினுடையதா, எந்தப் பக்கம் எவ்வளவு என்று பிரிக்க வரவில்லை. முழுக்க என்னுடையது என்று இருந்தால்கூட நிம்மதியாகப் படுத்துவிடுவேன்.

போன் அடிக்கிறது. பதினொன்று இருபதுதான், பத்து நிமிஷம் முன்னாலேயே. ஒரு கையால் எடுத்துக் காதுக்குக் கொண்டு போக முடியவில்லை, ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொள்கிறேன். "அக்கா, ஃபார்ம் வரலையே." எழுதிட்டே இருக்கேன் ஷர்மிளா, ஒண்ணு கேக்கணும் என்கிறேன். என் வாயிலிருந்து வேறு ஏதோ வரும் என்றுதான் நானும் நினைத்தேன். "போன தடவை எனக்கு அடுத்ததா கூப்பிட்டீங்களே, அவர் எப்படி இருக்கார்?" அவள் கொஞ்சம் தயங்கினாள். "பேர் ஊர் எல்லாம் சொல்லக் கூடாதுக்கா. நல்லா இருக்கார்." பேரு வேண்டாம்மா, வீடு எங்க, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலதானே, அதை மட்டும் சொல்லு என்றேன். "பக்கத்துலதான். எதிர்ல ஒரு ரூம்ல இருந்தார், பதினாலு மாசம்." ரூமா. "அவரும் மலைக்காரர்தான்கா, நீலகிரிப் பக்கம். குடும்பம் எல்லாம் மேல. போன் வந்தா ஓடி வரணும்னு தனியா வந்து தங்கியிருந்தார். நடுவுல அவங்க அம்மா தவறிட்டாங்க. அதுக்குக்கூடப் போகல. போன நேரம் பார்த்துக் கூப்பிட்டுட்டீங்கன்னா என்ன பண்றதுன்னு சொன்னார்." மாடி வீடு, வேப்பமரம், பறவை கத்தும் பெல், அத்தனையும் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த அறைக்கு ஜன்னல் இருந்திருக்குமா. அம்மா போன செய்தி யார் சொல்லி வந்திருக்கும், அதுவும் போனில்தானே. மணி அடித்ததும் ஆஸ்பத்திரி என்று நினைத்துத்தானே எடுத்திருப்பார். எனக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை, அழுதேன். பிரசன்னா ஓடி வந்து மிஷினைப் பார்த்தான், மிஷினில் ஒன்றும் இல்லை.

படிவத்தை எடுத்துக் கட்டத்தில் ஐந்து என்று எழுதினேன். புள்ளி விழுந்திருந்த இடத்திலேயே எழுதினேன். "ஷர்மிளா, அஞ்சு மணி நேரம். நிஜம் அதுதான். போன வருஷம் இருந்தது தப்பு." "அக்கா, அஞ்சுன்னா ரெண்டாவது ஆளாத்தான் கூப்பிடுவாங்க." "கூப்பிடட்டும். ரெண்டாவது ஆளுக்குக் கிடைச்சதை நான் என் கண்ணால பார்த்தேன். இனிமே முதல் மணிக்கே கிளம்பிடுவேன், எந்த வேலையும் பாக்க மாட்டேன்." சொல்லிவிட்டேனே தவிர பயமாகத்தான் இருந்தது. இரண்டாவது என்றால் எத்தனை வருஷம், அது வரைக்கும் இந்த நாற்காலி என்னைத் தாங்குமா. அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம். பிறகு அவள் குரல் மாறியிருந்தது, யோசித்துப் பேசுகிறவளின் குரல். "அஞ்சு மணி நேரம்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஒண்ணு செஞ்சிருக்கலாம்கா. பரிசோதனைக்கு உங்க ரத்தம்தானே வேணும், நீங்க வேண்டாமே. மாசாமாசம் பொள்ளாச்சியிலயே எடுத்து இங்க அனுப்பி வெச்சிருந்தா, கூப்பிட்ட உடனே நாங்க ஆரம்பிச்சிருப்போம். நீங்க பஸ்ல வர வர டெஸ்ட் முடிஞ்சிருக்கும்." இதை ஏம்மா யாரும் சொல்லல என்றேன், கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. "யாருக்குக்கா சொல்றது? எங்க லிஸ்ட்ல நூத்திப் பன்னெண்டு பேர். எல்லாரும் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். தூரத்துல ஆளே கிடையாது. அஞ்சுன்னு எழுதினது நீங்க ஒருத்தர்தான்."

நான் தலையைத் திருப்பினேன். மயில்சாமி அண்ணன் இரண்டு கண்ணையும் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணா, உங்க தோப்புலயிருந்து ஆஸ்பத்திரிக்கு நிஜமா எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேட்டேன். அவர் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "மூணு மூணேகால் ஆவுமுங். பஸ்ஸு மாறோணுமில்லீங். வெளிய சொல்லிப்போடாதீங் அம்மிணி" என்றார். அதற்கு அடுத்த நாற்காலியிலிருந்து சேலைத் தலைப்பால் முகத்தை மூடிப் படுத்திருந்த பெண், மூடியபடியே, "எனக்கு நாலு" என்றாள். ஜன்னலோரத்தில் யாரோ இருமினார்கள், இருமி முடித்து அவர்களும் ஒரு எண் சொன்னார்கள். என் மடியில் போன் இன்னும் ஸ்பீக்கரில்தான் கிடந்தது. நான் அதை அணைக்கவில்லை, மறந்தேனா, வேண்டுமென்றே விட்டேனா, இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. அந்தப் பக்கம் ஷர்மிளா எதையோ எழுதும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகக் கேட்டாள், "அக்கா, அந்த ரூம்ல மொத்தம் எத்தனை பேர் இருக்கீங்க?"